பெரிய மார்க்கெட்டும் வாக்காளர் மனமும்

தேர்தல் தேதி வெளியானதும், நேரு வீதிப் பக்கத்து வாசல் வழியாகப் பெரிய மார்க்கெட்டுக்குள் காய்கறிக் கூடைகளுக்கும் முந்திக்கொண்டு நுழைவது தொலைக்காட்சிக்காரர்களின் மைக்குத்தான். மீன் அங்காடியில் நாலு பேர், பூக்கடையில் மூன்று பேர், டீக்கடை வாசலில் எந்நேரமும் பேசத் தயாராக நிற்கும் இரண்டு பேர் ஆகியோரின் வாய்மொழியைத் திரட்டிக்கொண்டு, புதுவை ஜனங்களின் நாடித்துடிப்பு இதுவே என்று அன்றிரவே பிரகடனம் செய்துவிடுகிறார்கள். கதம்பம் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், நாரிலிருந்து விரலை எடுக்காமலே, “யாரு வந்தா என்னா தம்பி, அடிக்காசு கொறையவா போவுது?” என்று திருப்பிக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கடை போடும் இடத்துக்கு அன்றாடம் கட்டும் காசைப் பற்றிய அந்த விடை அன்றிரவு ஒளிபரப்பாகவில்லை.

காலை ஏழு மணிக்கு மார்க்கெட்டுக்கு யார் வருகிறார், யார் வருவதில்லை என்ற கேள்வியே வாக்காளர் ஆய்வு என்னும் இந்தச் சாஸ்திரத்தின் முதற்பாடம். பாகூர் வயலில் நாற்று நடுகிறவரும், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து உறங்குகிறவரும் அந்த நேரத்தில் இங்கே இல்லை. காரைக்காலும், மலையாளக் கரையிலுள்ள மாஹேயும், ஆந்திரத்துக் கோதாவரியோரத்து ஏனாமும் புதுச்சேரிச் சட்டசபைக்கு வாக்களிக்கின்றன என்பதே மைக்குப் பிடிப்பவருக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை. இதே பிழையை 1936-இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை பிரம்மாண்டமாகச் செய்தது. டெலிபோனும் மோட்டாரும் உடையவர்களின் பட்டியல்களை ஆதாரமாகக் கொண்டு ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரிச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டனே ஜனாதிபதி என்று அது அறிவிக்க, ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். மிகக் குறைந்த பேரைக் கேட்டே அந்த முடிவைச் சரியாகச் சொன்ன காலப் என்ற கணிப்பாளர், 1948-இல் ஜனாதிபதி ட்ரூமன் தோற்பார் என்று சொல்லித் தாமும் தவறினார்.

எவர் ஜெயிப்பார் என்ற ஜோதிஷத்தை விட்டு, மனிதர் ஏன் இப்படி வாக்களிக்கிறார் என்று விசாரிக்கத் தொடங்கியபோதுதான் இத்துறைக்குக் கௌரவம் பிறந்தது. 1940-இல் ஒஹாயோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவினரும் 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துப் பார்த்ததில், பிரசாரத்தால் கட்சி மாறியவர் சொற்பமே என்பதும், வானொலியையும் பத்திரிகையையும்விட அண்டை அயலில் விஷயம் தெரிந்தவர் என்று பேர் எடுத்தவரின் சொல்லே பலருக்குப் பிரமாணம் என்பதும் புலப்பட்டன. பின்னர் மிச்சிகன் சர்வகலாசாலையார் 1948 முதல் தேர்தல்தோறும் தேசம் முழுவதும் வினாத்தாளோடு சென்றார்கள். 1960-இல் வெளிவந்த ‘அமெரிக்க வாக்காளர்’ என்ற நூலில், கட்சி அபிமானம் குலதெய்வ வழிபாட்டைப் போலத் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது என்ற கருத்தை நிலைநாட்டினார்கள்.

அந்த வினாத்தாள் நம் தேசத்துக்கு வந்தபோது நிகழ்ந்தது சுவாரஸ்யமானது. 1950-களில் எரிக் டா கோஸ்டாவின் ஸ்தாபனம் நகரத்துப் படித்தவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுவந்தது. ஸிர்ஸிகர் என்ற அறிஞர் 1962 தேர்தலைப் புனா நகரத்தில் வைத்து ஆராய்ந்தார். 1963-இல் ரஜனி கோத்தாரி டில்லியில் தொடங்கிய வளரும் சமுதாயங்கள் ஆய்வு மையம், மிச்சிகன் அறிஞர்களின் உறவோடு, 1967-இல் முதல் தேசியத் தேர்தல் ஆய்வை நடத்தியது. எல்டர்ஸ்வெல்டும் பஷீருத்தீன் அகமதும் அத்தகைய ஆய்வுகளைக் கொண்டு 1978-இல் ஒரு பெருநூல் எழுதினார்கள். நடுவில் நின்றுபோன அந்த வழக்கம் 1996-இல் யோகேந்திர யாதவ் போன்றோரின் முயற்சியால் புத்துயிர் பெற்று, அடுத்த ஆண்டு ‘லோக்நீதி’ என்ற பெயரில் நிலைத்தது. இவர்கள் ஆளைத் தெருவில் பிடிப்பதில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து முறைப்படி பெயரைத் தேர்ந்து, வீடு தேடிச் சென்று, திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். யாருக்கு வாக்களித்தீர் என்ற கேள்வியை மட்டும் வாயால் கேட்காமல், சின்னங்கள் அச்சிட்ட சீட்டொன்றைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். கூடத்தில் மாமியாரும் வாசலில் கட்சிக்காரரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் நாட்டில், இந்தச் சிறு பெட்டியை நான் பெரிய கண்டுபிடிப்பாகவே மதிக்கிறேன்.

கிடைத்த விடைகளும் அமெரிக்கப் பாடத்தைத் தலைகீழாக்கின. அங்கே செல்வரும் படித்தவருமே அதிகமாக வாக்களிக்கிறார்கள்; இங்கே தொண்ணூறுகளில் ஏழைகளும் தலித் மக்களும் வரிசையில் முந்தி நின்றார்கள். என் வாக்குக்குப் பயன் உண்டு என்று 1971-இல் சொன்னவர் பாதிப்பேருக்குச் சற்றுக் குறைவு; 1996-இல் அவர்கள் நூற்றுக்கு 59-ஐ ஒட்டினார்கள். தொலைக்காட்சிக் கணிப்புகளோ இந்தப் பொறுமை இல்லாமல், 2004-இல் வாஜ்பாயைத் திரும்பவும் பீடத்தில் ஏற்றி ஏமாந்தன. 2024-இல் பலவும் 350-க்கு மேல் கொடுத்த ஆளும் கூட்டணி 293-இல் நின்றது. வாக்குச் சதவிகிதத்தை ஆசனமாக மாற்றும் வித்தையில்தான் சறுக்கல் அதிகம். எதிர்க்கட்சிகள் எவ்வளவு சிதறின என்பதை அளக்கப் பட்லரும் அசோக் லாஹிரியும் பிரணாய் ராயும் எண்பதுகளில் ஒரு குறியீட்டைப் பிரபலப்படுத்தியது இதன் பொருட்டே.

புதுச்சேரியில் அந்த வித்தை இன்னும் தடுமாறுகிறது. ஜனங்களைக் கேட்பதிலேயே இங்கு ஒரு பழைய குறை உண்டு: பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு இணைவதா என்ற இந்த மண்ணின் தலைவிதியை, 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170-க்கு 8 என்று இணைப்புக்குச் சாதகமாக நிர்ணயித்தார்கள். ஜனங்களை நேரில் கேட்ட சந்தர்ப்பம் வங்காளத்துப் பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூருக்கு வாய்த்ததே தவிர நமக்கு வாய்க்கவில்லை. கணிப்பு வித்தை தடுமாறக் காரணம் தொகுதிகளின் சிறிய அளவு: இன்று சுமார் 10 லட்சம் வாக்காளரை 30 தொகுதிகள் பங்கிட்டுக்கொள்ள, தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் பேரே தேறுகிறார்கள். கல்யாணத்துக்கு மொய் எழுதியவர், சாவுக்கு முதலில் வந்து நின்றவர், ஆஸ்பத்திரிச் சீட்டுக்குச் சிபாரிசு செய்தவர் இன்னார் என்பது தெருவெல்லாம் தெரியும். 2021-இல் அந்த 30 தொகுதிகளில் 6-இல் சுயேச்சைகள் வென்றார்கள். கட்சி அபிமானத்தை அடித்தளமாகக் கொண்ட மிச்சிகன் வினாத்தாள் இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதும்? கணிப்பு அட்டவணையில் ‘இதரர்’ என்ற கடைசி வரிதான் இவர்களுக்கு மிச்சம்.

புனாவுக்கு ஸிர்ஸிகர் செய்ததைப் புதுவைக்குச் செய்ய, காலாப்பட்டில் ஒரு மத்திய சர்வகலாசாலையும் நகரத்தில் கல்லூரிகளும் இருக்கின்றன. ஒரே ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு, பட்டியலிலிருந்து 600 பேரைத் தேர்ந்து, தேர்தலுக்கு முன்னும் பின்னும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாணவர்கள் முன்வர வேண்டும். கேட்கும் கேள்விகளில் அடிக்காசையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.