சபா வாசலைத் தாண்டி

மார்கழி பிறந்தால் சென்னை ரசிகரின் கால் தானாக மியூசிக் அகாடமி பக்கம் திரும்பும். ஆனால் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துக்குள் மியூசியம் தியேட்டர் இருப்பதைப் பலர் மறந்தேவிட்டார்கள். 1896இல் ஹென்றி இர்வின் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. அரைவட்டமாக மேலேறும் இருக்கைகள். நடிகர் எச்சில் விழுங்குவதுகூடத் தெரிந்துவிடும்.

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் உள்ள ‘ஸ்பேசஸ்’ வேறு ரகம்.

நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த இடம். 2006இல் அவர் மறைந்த பிறகும் அங்கே நடனமும் நாடகமும் ஓயவில்லை. மரங்களுக்கு நடுவே, கேரள பாணியில் கூரை வேய்ந்த அரங்கு. ஏ.சி.க்குப் பதில் கடல்காற்று. நிசப்தமான கட்டத்தில் காக்கை கரைந்தால் அதுவும் பக்கவாத்தியம்தான். கேன்டீன் அடை அவியலுக்காகவே சபாவுக்குப் போகிறவர்கள் மட்டும் இங்கே சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.