‘எம்டன்’: கப்பற்பெயர் தமிழ்ச்சொல்லான வரலாறு

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன், இராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தின்மீது பீரங்கித் தாக்குதல் நடத்தியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. தாக்குதல் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. எனினும், மக்கள் பலர் அஞ்சி நகரைவிட்டு வெளியேறினர். கப்பலின் பெயர் பேச்சுவழக்கில் பொதுச்சொல்லாக நிலைத்தது. ‘அவன் சரியான எம்டன்’ என்னும் தொடர் வல்லவனையும் சூழ்ச்சிக்காரனையும் குறிக்கும். கண்டிப்பான தந்தைக்கும் அப்பெயர் வழங்கும்.

கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், சிறைபிடித்த மாலுமிகளைக் கண்ணியத்துடன் நடத்தியமைக்காகப் பகைநாட்டு இதழ்களாலும் பாராட்டப்பட்டவர். அவ்வாண்டு நவம்பர் 9 அன்று, கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் எம்டன் வீழ்ந்தது. சிறைப்பட்ட முல்லர் மால்டாவிலும் இங்கிலாந்திலும் காவலில் வைக்கப்பட்டார். 1918இல் பிரசியாவின் உயரிய போர் விருதைப் பெற்றார். இவ்வாழ்வின் கண்ணியம் தமிழ்ச்சொல்லின் பொருளில் இடம்பெறவில்லை. தாக்கப்பட்ட நகரின் அச்சமும் வியப்புமே அச்சொல்லுக்குப் பொருள் தந்தன. ஆதலின், அது முல்லரின் இயல்புக்குச் சான்றாகாது. சென்னை மக்களின் போர்க்கால மனநிலைக்கே சான்றாகும்.

2006இல் ‘எம்டன் மகன்’ எனப் பெயரிடப்பட்ட திரைப்படம், தமிழ்த் தலைப்புக்குரிய கேளிக்கை வரிவிலக்கின்பொருட்டு ‘எம் மகன்’ ஆயிற்று. கண்டிப்பான தந்தையைச் சுட்டும் முதற்பெயரின் பொருள், மாற்றிய தலைப்பில் முற்றிலும் மறைந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் நாவில் வழங்கிய சொல், வரிவிதியின் பார்வையில் அயற்சொல்லாகவே நின்றது. அதன் ஒலி ஜெர்மானிய ஊர்ப்பெயருக்குரியது. பொருளோ தமிழர் படைத்தது. பிறப்பை மட்டும் நோக்கிச் சொல்லின் மொழியுரிமையை முடிவுசெய்யும் அளவுகோல், வழக்கின் வரலாற்றைக் காணத் தவறுகிறது.