தமிழ்க் கோப்புப் பெயர்களும் உரைத்திருத்திகளும்: ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, கோப்புப் பெயர், குறியாக்கம், இயல்பாக்கம், மின்பதிப்பு

முன்னுரை

பதிப்புப் பணி, சொல்லடைவு உருவாக்கம், தரவகத் தொகுப்பு ஆகியவற்றில் ஈடுபடும் தமிழாய்வாளர்கள் மூலப்பாடங்களை எளிய உரைக்கோப்புகளாகச் சேமிக்கின்றனர். அவற்றுக்குத் தமிழில் பெயரிடும்போது சில உரைத்திருத்திகள் திறக்க மறுக்கின்றன. பெயரைக் கேள்விக்குறிகளாகக் காட்டுகின்றன. இதற்குப் பொதுவாகக் கூறப்படும் தீர்வு, ஆங்கிலத்தில் பெயரிடுவதாகும். அத்தீர்வு சிக்கலைக் களையவில்லை, மறைக்கவே செய்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பெயரின் அளவு

கணினிக்குக் கோப்பின் பெயர் எண்களின் வரிசையே ஆகும். ‘தொல்காப்பியம்’ என்னும் சொல் தமிழ் மரபில் ஏழு எழுத்துகளால் ஆனது. ஒருங்குறியில் அது 13 குறியெண்களாகவும், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் குறியெண்ணுக்கு மூன்று பைட்டு வீதம் 39 பைட்டுகளாகவும் அமைகிறது. லினக்ஸில் பரவலாக வழங்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டுகளையே ஏற்கும். ஆகவே தமிழ்ப்பெயர் 85 குறியெண்களுக்குள் அடங்கவேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் 255 குறியெண்கள் வரை இடமுண்டு. நூற்பெயர், உரையாசிரியர், பதிப்பாண்டு ஆகியன சேர்த்து அங்கே இடப்பட்ட நீண்ட பெயர், லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது பிழை தருவது இதனாலேயே.

கேள்விக்குறியாகும் பெயர்

விண்டோஸின் பழைய எட்டுபிட்டுக் குறியாக்க அட்டவணைகளில் தமிழுக்கென ஒன்று இல்லை. பழைய செயல்கூறுகளைப் பயன்படுத்தும் திருத்தி, தமிழெழுத்து ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக மாற்றிவிடுகிறது. கேள்விக்குறியோ விண்டோஸில் கோப்புப் பெயருக்கு விலக்கப்பட்ட குறி. எனவே திருத்தி, இருக்கவே முடியாத ஒரு பெயரைத் தேடி, ‘கோப்பு இல்லை’ என்று அறிவிக்கிறது. கோப்பு பழுதின்றி வட்டில் இருக்க, பயனரோ பாடம் அழிந்ததாகக் கருத நேர்கிறது. 2019இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்பு முதல், ஒரு செயலி யூடிஎஃப்-8ஐத் தன் குறியாக்கமாக அறிவித்துக்கொள்ள வழியுண்டு. அவ்வழியைப் பயன்படுத்துவது செயலியை உருவாக்குவோரின் பொறுப்பு.

ஒரே தோற்றம், இரு பெயர்கள்

ஒகர உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்பது ஒருங்குறியின் விதி. பிரித்தெழுதினால் ‘தொல்காப்பியம்’ 14 குறியெண்கள் பெறும். மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் முறைமைகள் பொதுவாக இவ்விரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளும். மேக்கிலிருந்து வந்த கோப்பின் பெயரை லினக்ஸில் தட்டச்சிட்டுத் திறப்பவருக்குச் சில திருத்திகள் புதிய வெற்றுக் கோப்பைக் காட்டும். அதில் எழுதிச் சேமித்தால் ஒரே தோற்றமுள்ள இரு கோப்புகள் உண்டாகும். எது திருத்திய பாடம் என்னும் ஐயம் அங்கே தொடங்குகிறது.

பிழையறியும் முறை

முதலில் கோப்பின் நகலுக்கு லத்தீன் பெயரிட்டுத் திறக்கவேண்டும். உள்ளடக்கம் சரியாகத் தோன்றினால் குறை பெயரைச் சார்ந்தது. இல்லையேல் உள்ளடக்கத்தின் குறியாக்கத்தை ஆராயவேண்டும். அடுத்து, மேலுள்ள கோப்புறைகளின் பெயர்களையும் சோதிக்கவேண்டும். அவற்றுள் ஒன்று தமிழில் இருந்தாலும் பிழை நேரலாம். பின்னர், பெயரைத் தட்டச்சிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்து திறக்கவேண்டும். அப்போது மட்டும் திறந்தால் இயல்பாக்க வேறுபாட்டை ஐயுறலாம்.

ஆங்கிலப் பெயரின் இழப்பு

இச்சோதனையில் லத்தீன் பெயர் ஒரு கருவி மட்டுமே; அதை நிலையான தீர்வாக்கும்போது இழப்பு நேர்கிறது. மேற்குறிகளற்ற லத்தீன் எழுத்தில் அறமும் அரமும் ஒன்றாகின்றன. களம், கலம், காலம் மூன்றும் ஒரே பெயர் பெறுகின்றன. ர, ற வேறுபாட்டையும் ல, ள வேறுபாட்டையும் பாடவேறுபாடாகப் பதிவுசெய்யும் பதிப்பாசிரியர், தம் கோப்பின் பெயரில் அவ்வேறுபாட்டைக் கைவிடுவது முரண்.

முடிவுரை

கோப்புப் பெயர், மின்பதிப்பின் முதற்குறிப்பு. அதனைப் பிழையறக் கையாள்வது திருத்தியின் கடமை. கிடைக்காத பெயரையும் இல்லாத கோப்பையும் வேறுபடுத்திக் கூறாத பிழைச்செய்தி, அக்கடமையில் தவறுகிறது. அது சீராகும்வரை ஆய்வுக்குழுக்கள் சேர்த்தெழுதும் வடிவையே சீராகக் கையாளுதல், பெயரைச் சுருக்கமாக அமைத்தல், முழுத் தலைப்பைக் கோப்பின் முதல் வரியிலும் பதிதல் ஆகிய மூன்றையும் நெறியாகக் கொள்வது நன்று.