கே. எஸ். ராஜாவின் வேகம்

நீலகிரியில் திரையிசை கேட்கப்பட்ட வரலாற்றை உதகை வானொலி நிலையத்தின் 101.8 பண்பலையிலிருந்து தொடங்குவது எளிதெனினும், வெலிங்டன், குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களின் செவியைப் பழக்கியது அதற்கு நெடுங்காலம் முன்பே ஒலித்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவையே ஆகும். விளம்பர வருவாயில் இயங்கிய அச்சேவை 1950இல் தொடங்கிற்று. ஈராண்டில் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமின்றிச் செய்ததால், 1957 அக்டோபரில் விவித்பாரதி பிறக்கும்வரை ரசிகர்களுக்குக் கொழும்பே புகலிடமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் தன் வீரர்களுக்காக நடத்திய வானொலியின் 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பிதான் பின்னர் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது என்பதும், மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையத்தைக் கொண்ட வெலிங்டன் போன்றதொரு படைநகரில் நினைக்கத்தக்கதே. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழருக்கோ, அது விட்டுவந்த நாட்டின் குரல்.

எனினும் அந்நிலையத்தின் சிறப்பு பாடல்களில் இல்லை. பாடல்கள் சென்னையிலும் கிடைத்தவையே. படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் ஆகிய பெயர்களைச் சில நொடிகளில் சொல்லிப் பாடலுக்கு வாசல் திறந்துவிடும் அறிவிப்புக் கலையே அதன் தனிச்சொத்து. எஸ். பி. மயில்வாகனம் அமைத்த அந்த மரபில் இராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவும் பி. எச். அப்துல் ஹமீதின் தெளிவும் போற்றப்படுவது முறையே. ஆயினும் கே. எஸ். ராஜாவுக்குரிய இடம் வேறு. அவரது மின்னல் வேகத்தை ஆரவாரம் என்று ஒதுக்கி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் ஹமீதே இலக்கணம் என்று கொள்வோர் உண்டு. அவர்கள் சிற்றலையின் இயல்பை மறந்துவிடுகின்றனர். வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அவ்வலை நிமிடத்துக்கு நிமிடம் ஓங்கியும் மங்கியும் வருவதால், மென்மையான பேச்சு இரைச்சலில் கரைந்துபோகும். அதற்குள் மூச்சைத் தேக்கி, மெய்யெழுத்துகளை அழுத்தி, ஓட்டத்திலும் ஓர் அசை சிதையாமல் பேசிய ராஜாவின் குரலோ இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது. திரைவிருந்து போன்ற விளம்பர நிகழ்ச்சிகளைக்கூட மக்கள் விரும்பிக் கேட்டனர் என்றால், விற்கப்பட்ட படத்தைவிட விற்றவரின் மொழியே அதற்குக் காரணம். வேகம் வேறு, அவசரம் வேறு என்பதை அவரளவுக்கு எவரும் காட்டியதில்லை. 1994இல் கொழும்பில் அவர் கொலையுண்டபோது, அந்தப் பள்ளியில் பயில வேண்டிய தலைமுறை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

இன்றைய தனியார் பண்பலைகளின் அறிவிப்பாளர்கள் ராஜாவைவிட வேகமாகவே பேசுகின்றனர். பாடலின் பல்லவிமீது ஏறி நின்றும் பேசுகின்றனர். ஒலி இம்மியும் மங்காத தொழில்நுட்பம் வாய்த்த பின்னும், பாடலை எழுதியவர் யார் என்ற ஒற்றைச் செய்தியை அவர்களிடமிருந்து பெறுவது அரிதாகிவிட்டது. உதகை நிலையத்தில் எழுதியவர் பெயரைச் சொல்லும் பழக்கம் ஓரளவு எஞ்சியிருக்கிறது. அதன் நேயர்களில் முதியோர் மிகுதி என்று குறை சொல்வோர், அம்முதியோர் எதற்காக அங்கே தங்கினர் என்று கேட்பதில்லை.