நம்பிக்கையும் தைரியமும்: திருமறைச் சொற்கள் சில பற்றிய ஒரு திறனாய்வு

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ச் சபையொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடைபெற்ற மாலை ஆராதனைக்கு நாம் சென்றிருந்தோம். அருளுரை ஆற்றிய இளம் ஊழியர் பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, தன்னம்பிக்கை என்பது பாவம், விசுவாசிக்கு அது கூடாது என்று வற்புறுத்திப் பேசினார். ஆராதனை முடிந்தபின், கல்லுடைத்துப் பிழைத்த முதிய அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்து, "அறிவொளியில சைக்கிள் பழகுனப்ப எனக்கு ஒரு தைரியம் வந்துச்சே, அதுவும் பாவந்தானாய்யா?" என்று கேட்டார். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அவ்வூழியரைக் குறைகூறவும் நமக்கு உரிமையில்லை. நாமும் பலமுறை அவ்வாறே பிரசங்கித்திருக்கிறோம். அம்மையாரின் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அவர் குறிப்பிட்டது, 1991ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தையாகும். அப்பொழுது மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் இணைத்தார். விவசாயக் கூலிகளும் கல் குவாரித் தொழிலாளரும் உள்ளிட்ட கிராமப்புறப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிள் கற்றனர் எனப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார். கையெழுத்திடவும், பிறர் துணையின்றிச் சந்தைக்குச் செல்லவும் அவர்கள் கற்றதனால் உண்டான மனநிலைக்கு மக்கள் இட்ட பெயர் 'தன்னம்பிக்கை' என்பதே. அதே சொல்லை நமது பிரசங்க பீடம் பாவத்தின் பெயராக ஆளுமாயின், குற்றம் பெண்களிடத்தில் உள்ளதா, நமது சொல்லாட்சியில் உள்ளதா என்பதை ஆராய்வது நமது கடமையாகும்.

ஆங்கிலத்தில் 'கான்ஃபிடென்ஸ்' என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். இலத்தீன் மொழியில் நம்புதலைக் குறிக்கும் வினையினின்று பிறந்த இச்சொல், அடிப்படையில் ஒன்றன்மேல் அல்லது ஒருவர்மேல் முழுமையாய்ச் சார்வதைக் குறிப்பது. 'செல்ஃப்' என்னும் அடை சேர்ந்தபோதுதான் அச்சார்பு தன்னை நோக்கித் திரும்பிற்று. 'அஷ்யூரன்ஸ்' என்பதோ கவலையின்மையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. அது சார்பைவிட அச்சார்பினால் விளையும் அமைதியையே சுட்டும். 'டிரஸ்ட்' என்பது ஒருவரிடம் நம்மை ஒப்புவித்தல். இம்மூன்றையும் நாம் பெரும்பாலும் 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகிறோம்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் ஆங்கிலத் திருமறையிலும் இத்தகைய கலப்பு உண்டு. எபிரெயர் 3:14, எபிரெயர் 10:35, பிலிப்பியர் 3:4 ஆகிய மூன்று இடங்களிலும் அது 'கான்ஃபிடென்ஸ்' என்னும் ஒரே சொல்லைப் பெய்துள்ளது. மூலமொழியிலோ மூன்றும் வெவ்வேறு சொற்கள். முதலாவது 'ஹுபோஸ்தாசிஸ்', அதாவது அடிநிலை அல்லது உறுதிப்பாடு. இரண்டாவது 'பர்ரேசியா', தடையின்றிப் பேசும் துணிவு. மூன்றாவது 'பெபோயிதேசிஸ்', ஒன்றன்மேல் சாய்ந்திருத்தல். ஹென்றி பவர் முதலானோர் உழைத்து 1871இல் நிறைவெய்திய நமது பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிட நுட்பமானது என்பது நோக்கத்தக்கது. அது எபிரெயர் 10:35இல் 'தைரியம்' என்று பிரித்துக் காட்டுகிறது. ஆயினும் ஏனைய இரண்டிடங்களிலும் 'நம்பிக்கை' என்றே உள்ளது.

இம்மொழிபெயர்ப்பில் நம்பிக்கை என்னும் சொல் சுமக்கும் பாரம் இம்மட்டோடு நிற்கவில்லை. 1 கொரிந்தியர் 13:13இல் 'பிஸ்டிஸ்' என்பதற்கு விசுவாசம் என்றும், 'எல்பிஸ்' என்பதற்கு நம்பிக்கை என்றும் காண்கிறோம். அங்கே நம்பிக்கை என்பது வரவிருப்பதை எதிர்நோக்கும் மனம். இவ்வாட்சி பிழையன்று. தொல்காப்பிய உரியியல், 'நம்பு' என்னும் சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம் என்றே பொருள் கூறுகிறது. விரும்பி எதிர்நோக்குதல் அச்சொல்லின் தொன்மையான பொருளோடு பொருந்துவதே. ஆனால் இன்றைய வழக்கில் அப்பொருள் மங்கிவிட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இதனையுணர்ந்து பிஸ்டிஸ் என்பதை நம்பிக்கை என்றும், எல்பிஸ் என்பதை எதிர்நோக்கு என்றும் மாற்றியது. நம்பு என்னும் வினையும் நம்பிக்கை என்னும் பெயரும் இதனால் ஒன்றுபட்டன; இது பெரும் நன்மை. எனினும் நமது சபைகளிற் பெரும்பாலானவை இன்றும் பழைய மொழிபெயர்ப்பையே வாசிக்கின்றன. ரோமர் 8:24ஐப் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கும் இளைஞர், அங்குள்ள நம்பிக்கையை விசுவாசம் என்றே கொள்வார். படைப்பனைத்தும் மீட்பை எதிர்நோக்கித் தவிக்கும் அப்பகுதியின் உயிர் அவருக்குத் தப்பிப்போகும். இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்து வாசித்து, வேற்றுமையைச் சபைக்கு விளக்குவது ஆயர்களின் பொறுப்பாகும்.

இனி அருளுரைப் பகுதிக்குத் திரும்புவோம். பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் எதனை மறுக்கிறார்? விருத்தசேதனம், இஸ்ரவேல் குலம், பென்யமீன் கோத்திரம், பரிசேயக் கல்வி, குற்றமற்ற நியாயப்பிரமாண ஒழுக்கம் ஆகியவற்றை அவர் வரிசைப்படுத்துகிறார். இவை பிறப்பாலும் தகுதியாலும் உயர்ந்தவன் சாய்ந்துகொள்ளும் தூண்கள். லூக்கா 18:9இலும் இதே வேரிலிருந்து வந்த வினையே வருகிறது. தங்கள் நீதியின்மேல் சாய்ந்தவர்கள் மற்றவர்களை அற்பமாய் எண்ணினார்கள் என்னும் செய்தி அங்கே சேர்த்துக் கூறப்படுகிறது. ஆகவே திருமறை கண்டிக்கும் தன்னம்பிக்கையின் அடையாளம் அயலானை இகழ்தல் எனலாம். சாதிப் பெருமை, குடும்பப் பெயர், பட்டம், பதவி ஆகியவை சபைக்குள்ளேயே மலிந்திருக்க, இவ்வசனத்தைக் கல்லுடைக்கும் பெண்ணுக்கு எதிராய் எடுத்தாளுதல் குறி தவறிய அம்பன்றோ!

அப்பெண் கூறிய சொல் 'தைரியம்' என்பதை நினைவுகூர்வோம். அவரையறியாமலே அவர் பழைய மொழிபெயர்ப்பின் சரியான சொல்லை எடுத்தாண்டார். பர்ரேசியா என்பதன் நேர்பொருள் எல்லாவற்றையும் பேசுதல். அத்தேனே நகர மன்றத்தில் குடியுரிமை பெற்றவன் அஞ்சாது பேசும் உரிமையை அது குறித்தது. அடிமைக்கு அவ்வுரிமை இல்லை. அப்போஸ்தலர் 4:13இல், ஆலோசனைச் சங்கத்தார் பேதுருவிடமும் யோவானிடமும் கண்டு வியந்தது இதனையே. அவ்விருவரும் எழுத்தறியாதவர்கள் என்பதையும் அவ்வசனமே குறிப்பிடுகிறது. பேச்சுரிமையற்றோர் பேசத் தொடங்குவதைத் திருமறை ஆவியானவரின் செயலாகவே காண்கிறது. தைரியம் என்னும் தமிழ்ச்சொல் பெரும்பாலும் நெஞ்சுரத்தைக் குறிக்குமேயன்றிப் பேச்சின் உரிமையைக் குறிப்பதில்லை. இக்குறையை விரிவுரையில் நிரப்புதல் வேண்டும்.

இதனால் தன்னம்பிக்கை எல்லாம் விசுவாசமே என்று நாம் கூறவில்லை. தன்முன்னேற்ற நூல்களின் மொழி இன்று சில பிரசங்க பீடங்களிலும் ஏறியுள்ளது. 'உன்னால் முடியும்' என்னும் முழக்கம் சிலுவைக்கு இடம் தராதபோது, எரேமியா 17:5இன் எச்சரிப்பு அங்கே பொருந்தும். முடியாதவனுக்கு அம்முழக்கத்தில் நற்செய்தி இல்லை. 2 கொரிந்தியர் 3:4, 5 வசனங்களில் பவுல் தமக்கு உறுதி உண்டென்று கூறுகிறார்; ஆனால் அதன் ஊற்று தாமல்லர் என்றும் உடனே சேர்த்துக்கொள்ளுகிறார். ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார் என்பதைக் கண்டு நாம் தீர்ப்புச் செய்தல் தகாது. அவர் எதன்மேல் நிற்கிறார், நின்றபின் அயலானைக் கைதூக்கிவிடுகிறாரா, மிதிக்கிறாரா என்பதையே காணவேண்டும்.

அம்மையாரைப் பின்னொரு நாள் சந்தித்தபோது, "அம்மா, அது பாவமல்ல, பேதுருவுக்கும் யோவானுக்கும் ஆண்டவர் கொடுத்த தைரியத்துக்கு அது உறவு" என்று கூறினோம். அவர் சற்று யோசித்து, "அப்ப அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார். அச்சொல் நமக்கும், நம்மிடம் கற்கும் மாணவர்க்கும் உரியது. மூலமொழியின் ஒரு சொல்லைப் பிரித்தறியச் செலவிடும் ஒரு மணி நேரம், குனிந்தே வாழ்ந்த ஒருவரை மீண்டும் குனியவைக்காதபடி நம்மைக் காக்கும்.