கலிமாவுக்குப் பிறகு

கற்பிட்டிப் பக்கத்துக் கரையோரக் கிராமமொன்றில் பிறந்தவன் நான். சிறு வயதில் இஷாத் தொழுகை முடிந்ததும் மூத்தவாப்பா அரிக்கன் லாம்படியில் இருந்து படைப்போர் படிப்பார். வலை பின்னியபடி ஆண்கள் முற்றத்தில் இருப்பார்கள். பெண்கள் கதவுக்குப் பின்னால். அலி (ரலி) அவர்கள் வாளை ஓங்கும் இடம் வந்தால் பின்னல் நின்றுவிடும். எதிரிகளின் தலை உருளும், பூதங்கள் அலறும். கடைசியில் தோற்ற மன்னன் கலிமாச் சொல்லுவான். மூத்தவாப்பா ஏட்டை மூடுவார்.

அசன் அலிப் புலவரின் 'ஐந்து படைப்போர்', 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரிசை முகியித்தீன் புலவரின் 'சக்கூன் படைப்போர்' போன்றவை தமிழுக்கு முஸ்லிம்கள் தந்த புதுவகைப் பிரபந்தங்கள். பேராசிரியர் ம. மு. உவைஸ் இவற்றைத் தேடி எடுத்து அறிமுகம் செய்திராவிட்டால் நம்மில் பலருக்குப் பெயர்கூடத் தெரிந்திராது. வரலாற்றை இவற்றில் தேடுவது வீண்வேலை. இவை வீரக் கற்பனைகள். 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பான 'எர்துருல்' என்ற துருக்கித் தொடரை நம் பிள்ளைகள் இரவிரவாகப் பார்த்தார்களே, அதே பசிக்கு அன்று கிடைத்த சோறு இது. அதில் எனக்குக் குறையில்லை. ஏடு மூடப்படும் இடம்தான் என்னை உறுத்துகிறது. அந்த மன்னன் மறுநாள் காலையில் என்ன செய்தான்?

இதே இடத்தில்தான் நம் காலத்து 'இஸ்லாத்தைத் தழுவிய கதை'களும் முடிகின்றன. பொப் பாடகர் கெட் ஸ்டீவன்ஸின் கதையை ஜும்ஆ மேடையில் கேட்காதவர் யார்? கடலில் மூழ்கப்போனவர் இறைவனை அழைக்கிறார், அலை கரை சேர்க்கிறது. சகோதரர் குர்ஆன் பிரதியொன்றைக் கொடுக்கிறார். 1977 டிசம்பரில் லண்டனில் இஸ்லாத்தை ஏற்று யூசுஃப் இஸ்லாம் ஆகிறார், கிட்டாரைக் கைவிடுகிறார். எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் கதை இத்தோடு சரி. கடலோரத்துக்காரர்களுக்கு அந்த அலை மட்டுமே போதும், கண் கலங்கிவிடும்.

ஆனால் அந்த மனிதர் அதன் பிறகுதான் நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறார். 1983இல் லண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்கான பாடசாலையொன்றைத் தொடங்கினார். பல ஆண்டுகள் கழித்து மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிட்டாரை மீண்டும் கையிலெடுத்தார். 2006இல் புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தது, 2025இல் தன்வரலாறும் வந்தது. இசை கூடுமா கூடாதா என்ற ஃபத்வாவை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். விட்டதை மறுபடி எடுத்த ஒருவரின் மனப்போராட்டம் இலக்கியத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்! நம் பிரசுரங்களுக்கோ அது சங்கடம். ஆகவே அவரை 1977லேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

மற்றவர்கள் முடிக்கும் இடத்தில் தொடங்கும் நாவலொன்று தமிழில் உண்டு: அன்வர் பாலசிங்கத்தின் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' (2011). 1981இல் திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் திரளாக இஸ்லாத்துக்கு வந்தார்கள். தீண்டாமையிலிருந்து வெளியேறி வந்தவர்களின் பெண்மக்களுக்குப் பரம்பரை முஸ்லிம் வீடுகளிலிருந்து சம்பந்தம் வராததைத்தான் நாவல் பேசுகிறது. கலைநயத்தில் குறை சொல்ல இடமுண்டு. ஆத்திரம் பல இடங்களில் கதையை முந்திக்கொள்கிறது. இருந்தும், வாசித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம், சோற்றுச் சஹனில் ஒன்றாய்க் கை வைக்கிறோம். மகனுக்குப் பெண் பார்க்கும்போது மட்டும் ஏன் பாட்டன் பெயரைக் கேட்கிறோம்?

இது அக்கரைக் கதை என்று ஒதுங்கவும் முடியவில்லை. என் பழைய மாணவி ஒருத்தியின் தாய், கலியாணத்துக்கு முன் கலிமாச் சொல்லி வந்தவர். இருபது வருடத் தொழுகைக்கும் நோன்புக்கும் பிறகும் ஊருக்கு அவர் 'வந்தவ'தான். மகளுக்கு வந்த சம்பந்தம் 'தாய்வழி என்ன?' என்ற கேள்வியில் நின்றுபோனது. கேட்டவர்களில் ஒருவர், யூசுஃப் இஸ்லாம் பற்றிய பயானில் என் பக்கத்திலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர்.

"சேர், எங்கட உம்மா மாதிரி ஆக்கள பத்தி ஏதும் கதை இருக்கா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. என்னிடம் அந்த ஒரு நாவல்தான் இருந்தது. கொடுத்தேன். மாதம் மூன்றாகிறது, புத்தகம் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.