இடம்விட்டு ஊதியவர்

டிரம்பெட் எப்போது வரும் என்று ஏங்க வைக்கிற பாட்டு, டொனால்ட் பேர்டின் 'கிறிஸ்டோ ரெடென்டோர்'. எட்டுக் குரல்கள் சொல் ஏதுமின்றி மெட்டைப் பாடுகின்றன. அடியில் ஹெர்பி ஹான்காக்கின் பியானோ பிரார்த்தனைக் கூட்டத்தின் நடையில் மெல்ல வருகிறது. அவர்கள் சொல்ல வந்ததைச் சொன்ன பிறகே பேர்ட் வாத்தியத்தை உதட்டில் வைக்கிறார். வந்த பிறகும் அவசரமில்லை. ஒரு சுரத்தை ஊதி, அது தானாக அடங்கும்வரை பொறுத்து, அடுத்ததற்குப் போகிறார். 23 வயதில் ஆர்ட் பிளேக்கியின் 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழுவில் சேர்ந்த மனிதருக்கு வேகம் தெரியாமல் இல்லை. இங்கே அதை வெளியில் எடுக்கவே இல்லை, அவ்வளவுதான்.

1963 ஜனவரியில் பதிவான 'எ நியூ பெர்ஸ்பெக்டிவ்' தட்டில் உள்ளது இது. இயற்றியவர் டியூக் பியர்சன். பேர்ட் டெட்ராய்டில் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகனாக வளர்ந்தவர். தனிக்குரல் எவ்வளவு நேரம் எழலாம், எப்போது கூட்டத்துக்கு வழிவிட வேண்டும் என்கிற கணக்கு அவருக்குச் சின்ன வயதிலேயே பழகியிருக்கும் என்று நினைக்கிறேன். அவரைக் கலைஞர், பேராசிரியர் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பாட்டில் குரல்களுக்கு இடம்விட்டவர்தான் பின்னால் வகுப்பறையிலும் நின்றார்.

ஆசிரியராவதற்கு முன்பே அவருக்கு ஒரு மாணவர் இருந்தார். 1960–61 குளிர்காலத்தில் சிகாகோவில் பனிப்புயல். பேர்டின் பியானோக்காரர் வந்துசேர முடியவில்லை. அவசரத்துக்கு உட்கார வைத்த உள்ளூர் இளைஞர்தான் ஹான்காக். பேர்ட் அவரை நியூயார்க்குக்கே அழைத்துப்போய்த் தன் வீட்டில் தங்கவைத்தார். ஹான்காக்கின் முதல் தட்டு 'டேக்கின் ஆஃப்' 1962இல் உருவானபோது, பாட்டுகளின் பதிப்புரிமையை மட்டும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாதே என்று எச்சரித்தவரும் அவரே. அந்தத் தட்டில் இருந்த 'வாட்டர்மெலன் மேன்' அடுத்த ஆண்டே மோங்கோ சான்டமரியாவின் கையில் பெரும் வெற்றி கண்டது. பணம் ஹான்காக்குக்கு வந்தது. சுரம் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் உண்டு; ஒப்பந்தத்தின் எந்த வரியில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லித்தருகிற வாத்தியார் எத்தனை பேருக்கு வாய்க்கும்? பேர்ட் பிற்பாடு சட்டமும் படித்துப் பட்டம் வாங்கினார் என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை.

இடையில் பாரிஸுக்குப் போய் நாடியா பூலான்ஜேயிடம் இசையமைப்பு கற்றார். திரும்பியபின் பல கல்லூரிகளில் பாடம் எடுத்தார். முக்கியமானது வாஷிங்டனின் ஹவர்ட் பல்கலைக்கழகம். கறுப்பின மக்களின் வரலாறும் பண்பாடும் பாடமாக வேண்டும் என்று 1968 மார்ச்சில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தையே கைப்பற்றிய இடம் அது. அந்தக் காலத்தில் அங்கே ஜாஸ் கல்வியைக் கட்டியெழுப்பியவர் பேர்ட்.

1973இல் 'பிளாக் பேர்ட்' வெளிவந்தது. தயாரித்தவர் அதே ஹவர்டில் மின்பொறியியல் படித்த லாரி மிசெல். ப்ளூ நோட் நிறுவனம் அதுவரை கண்டிராத விற்பனை. பழைய ரசிகர்கள் 'ஜாஸை விற்றுவிட்டார்' என்று கொதித்தார்கள். ஒன்றை நானும் ஒப்புக்கொள்கிறேன்: பத்தாண்டுகளுக்கு முன் இருந்த உருண்டு திரண்ட தொனி அந்தத் தட்டில் இல்லை, பேர்டின் பாட்டுக் குரலும் சுமார்தான். ஆனால் அந்த வெற்றியை அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதைப் பார்க்க வேண்டும். தன் மாணவர்களைச் சேர்த்து 'பிளாக்பேர்ட்ஸ்' என்ற குழுவை அமைத்தார். பியானோவில் கெவின் டோனி, டிரம்ஸில் கீத் கில்கோ, கிட்டாரில் பார்னி பெரி. படித்துக்கொண்டே மேடை ஏறவும், தட்டு போடவும், சம்பாதிக்கவும் அந்தப் பிள்ளைகளுக்கு வழி பிறந்தது. பெரி எழுதிய 'வாக்கிங் இன் ரிதம்' 1975இல் அமெரிக்கப் பட்டியலில் 6ஆம் இடம்வரை ஏறியது. பேராசிரியரின் எந்தப் பாட்டும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 'ராக் கிரீக் பார்க்'. வாஷிங்டன் நகரின் நடுவே ஓடும் காட்டுப் பூங்காவில் இருட்டியபின் நடப்பதைப் பற்றிய பாட்டு. சொற்கள் மிகக் குறைவு. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து நடக்கிற நடைதான் பாட்டே. தங்கள் ஊர், தங்கள் இரவு, தங்கள் தாளம் என்று அந்த இளைஞர்கள் எடுத்துக்கொண்ட உரிமையை ஒவ்வொரு முறையும் காது கொடுத்து ரசிக்கிறேன்.

பின்னால் வந்த தலைமுறை பேர்டின் பழைய தட்டுகளை வெட்டி ஒட்டி ஹிப்-ஹாப் செய்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 1993இல் ராப் பாடகர் குரு 'ஜாஸ்மடாஸ்' தட்டுக்குக் கூப்பிட்டபோது டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அப்போது வயது 60. 'லவுஞ்சின்' என்ற அந்தப் பாட்டில் குருவின் அடங்கிய குரல் பேசிக்கொண்டே போகிறது. டிரம்பெட் அதன் ஓரமாக வருகிறது, இரண்டு மூன்று சுரங்கள் ஊதுகிறது, மறுபடி ஒதுங்கி நிற்கிறது.